பஸ் ஸ்டாண்டுல அழுதது நான்தான்

ஆமாம்மா, நான்தான். பஸ் ஸ்டாண்டுல தரையில உக்காந்து மாருல அடிச்சுக்கிட்டு அழுதது நான்தான். இந்த பஸ்ஸுல என் பக்கத்துல நீ வந்து உக்காந்ததுலருந்து நாலு தடவ திரும்பித் திரும்பிப் பாத்த. அப்புறம் 'செண்பகம் எங்க'ன்னு வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்துட்டு சிரிச்ச. எனக்கு காது நல்லாக் கேக்கும். கோவம் எல்லாம் இல்ல. போட்டோ எடுக்கணும்னா எடுத்துக்க. ஆனா எடுத்துட்டு நான் சொல்றதக் கேக்கணும். பாதியில ஹெட்போன மாட்டக்கூடாது.

செண்பகம் என் கூடப்பொறந்த அக்கா. அது உனக்குத் தெரியாதுல்ல? யாருக்கும் தெரியாது. அந்த வீடியோவ நாப்பது லட்சம் பேரு பாத்தாய்ங்களாம். நாப்பது லட்சம் பேருல ஒருத்தராச்சும் செண்பகம் யாருன்னு கேட்டிருப்பாங்கன்னு நெனைக்கிற? போன்ல ஸ்டிக்கர் போட்டு அனுப்புறாய்ங்க. கரண்டு போனா 'செண்பகம் எங்க', கேஸ் தீந்தா 'செண்பகம் எங்க'. என் மூஞ்சி, எங்க அக்கா பேரு.

முதல்லருந்து சொல்றேன். நான் இந்திராணி. மதுரையில ரிஜிஸ்டர் ஆபீசுக்கு எதுத்தாப்புல ஒரு ஜெராக்ஸ் கடை, அதுல பத்தொன்பது வருசமா இருக்கேன். வீட்டுக்காரர் தவறிப் பதினோரு வருசம். புள்ள கிடையாது. எங்க அக்கா கோவில்பட்டியில, அவளுக்கு ஒரே மகன் அருணகிரி. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு புள்ளன்னு நாங்க சொல்லிக்கிருவோம். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான்.

கடைக்கு ஒரு பய வருவான். ஹரிஹரசுதன். சுதன்னு கூப்பிடுவாங்க. இருபத்தாறு வயசு, தாடி, கழுத்துல கம்பெனி டேக். கதை எழுதி பிரிண்ட் எடுக்க வருவான். காகிதம் வெளிய வர்றப்ப நான் படிச்சுருவேன், அது என் பழக்கம். ஒரு நாளு, தம்பி, இந்த மூணாவது பக்கத்துல சிரிப்பே வரலயேன்னு சொல்லிட்டேன். ஏன்னு கேட்டான். வீட்டு ஓனரம்மா இப்படியா பேசும், இப்படிப் பேசும்னு சும்மா பேசிக் காமிச்சேன். கடையில நின்ன பத்திர எழுத்தர் ரெண்டு பேரு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சுதன் சிரிக்கல. என்னயவே பாத்துட்டு நின்னான். மறுநாள் வந்து, அம்மா நடிக்கிறீங்களான்னு கேட்டான்.

அப்படித்தான் 'ஃபேமிலி உண்டா'ன்னு நெட்டுல ஒரு காமெடி சீரியல் ஆரம்பிச்சுச்சு. கதை இதான். கல்யாணமாகாத பையனுக்கு எவனும் வாடகைக்கு வீடு குடுக்க மாட்டேங்குறான், ஃபேமிலி உண்டான்னு கேக்குறான். அதனால இவன் ஒரு பொம்பளைய அம்மாவா நடிக்கக் கூட்டிட்டு அலையுறான். அந்தப் பொம்பள நானு. மகன் அவன். கேமரா புடிச்சது ரீகன்னு ஒரு பையன், கல்யாண வீடியோ எடுக்குறவன். மொத்தக் கம்பெனியும் மூணே பேரு.

கேமரான்னா பெருசா நெனச்சுராத. ரெண்டு போனு. பெர்மிசன் எல்லாம் கிடையாது, கேட்டா எவன் குடுப்பான். ஒயர் கூடையில முருங்கக்கா நட்டமா நிக்கும், அதுக்கு நடுவுல போன சொருகி ரீகன் கையில புடிச்சிருப்பான். மைக்க என் தலையில வச்ச மல்லியப்பூவுக்குள்ள பின்னு குத்திருவோம். சுதன் காதச் சொரிஞ்சா ஆரம்பி. மூஞ்சியத் துடைச்சா நிறுத்து. வாயத் தொறந்து ஒரு சொல்லு சொல்ல மாட்டான். சுத்தி நிக்கிற சனத்துக்கு எதுவும் தெரியாது. நான் நெசமான கண்டக்டர்கிட்ட சண்டை போடுவேன், அவரும் நெசமாவே திருப்பிப் போடுவாரு. அதுதான் காமெடி.

ஒரு தடவ ரயில்வே ஸ்டேசன்ல ஒரு போலீஸ்காரர் கூடைய எட்டிப் பாத்துட்டாரு. சுதனுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. நான்தான் அவரு கையப் புடிச்சுக்கிட்டு, சார், எம்மவன் துபாய் போறான், போற வரைக்கும் அவன் நடக்குறது நிக்கிறது எல்லாம் எடுத்து வச்சுக்கணும்னு எனக்கு ஆசை சார்னு சொன்னேன். கண்ணுல தண்ணி வேற வந்துருச்சு. அந்த ஆளு, நல்லா எடுத்துக்கங்கம்மான்னு சொல்லி சுதனுக்குக் கை குடுத்து அனுப்பி வச்சாரு. வெளிய வந்து மூணு பேரும் ஆட்டோ ஸ்டாண்டுல உக்காந்து வயிறு வலிக்கச் சிரிச்சோம். அன்னைக்குத்தான் அவன் என்னைய, படம் புடிக்காதப்பவும் அம்மான்னே கூப்பிட ஆரம்பிச்சான். நானும் கூப்பிடட்டும்னு விட்டுட்டேன்.

நல்லா இருந்துச்சும்மா. பொய் சொல்லக்கூடாது. அஞ்சு எபிசோடு வரைக்கும் நல்லா இருந்துச்சு. எங்க அக்கா கோவில்பட்டியில உக்காந்து ஒவ்வொண்ணையும் பத்து தடவ பாப்பா. அவளுக்குக் கிட்னி போயி ஒரு வருசமாப் படுக்க. பாத்துட்டு, ஏண்டி அந்தச் சேலைய மாத்தித் தொலையக்கூடாதான்னு போன்ல ஏசுவா.

ஆறாவது எபிசோடு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு. அம்மா தொலைஞ்சு போயிர்றா. ஒவ்வொரு பஸ்ஸா ஏறி இறங்கி, எம்மவனப் பாத்தீங்களான்னு கேக்கணும். பகல் பன்னெண்டு மணி, நல்ல கூட்டம். ரீகன் கூடையோட நிக்கிறான். சுதன் டீக்கடை ஓரத்துல. காதச் சொரிஞ்சான். நான் ரெண்டு பஸ்ஸு முடிச்சுட்டு மூணாவதுக்குப் போறேன், மடியில போன் அடிக்குது. அருணகிரி.

அவன் என்ன சொன்னான்னு உனக்கே புரிஞ்சிருக்கும். 'சித்தி, அம்மா போயிட்டாங்க.'

நான் அங்கேயே உக்காந்துட்டேன். அப்புறம் என்ன பண்ணுனேன், என்ன சொன்னேன், எதுவும் எனக்குத் தெரியாது. நீதான் பாத்திருக்க. வாழப்பழம் விக்கிற பொம்பள ஒண்ணு வந்து என்னைய மடியில சாச்சுக்கிச்சு. செண்பகம் எங்க, செண்பகம் எங்கன்னு கத்தியிருக்கேன். நாலு நிமிசம். நாலு நிமிசமும் கூடைக்குள்ள போன் ஓடிக்கிட்டு இருந்திருக்கு. சுதன் மூஞ்சியத் துடைக்கவே இல்ல.

அவனுக்குத் தெரியாதாம். நான் புதுசா ஏதோ சேத்து நடிக்கிறேன்னு நெனச்சானாம். நெனச்சிருக்கலாம். போலீஸ்காரர்கிட்டயே நான் அப்படி நடிச்சவதான். அத நான் இல்லன்னு சொல்லல. நான் பாட்டுக்கு எந்திரிச்சு கோவில்பட்டி பஸ்ஸுல ஏறிட்டேன். சாயங்காலம் ரீகன் போன் போட்டப்பதான் விசயத்தச் சொன்னேன். சுதன் போன வாங்கி அழுதான். மறுநாள் ரெண்டு பேரும் கோவில்பட்டிக்கு வந்து மாலை போட்டுட்டுத்தான் போனாய்ங்க. வந்தாய்ங்க, அது வாஸ்தவம்.

ஆனா பன்னெண்டு நாள் கழிச்சு எபிசோடப் போட்டாய்ங்களே. தெரிஞ்சுக்கிட்டே போட்டாய்ங்களே. நான் மாருல அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஒரு 'டொய்ங்' சத்தம். கேட்டிருப்ப. தவளை கத்துற மாதிரி பின்னாடி ஒரு மியூசிக்கு. கீழ எழுத்து வேற, 'யாரு அந்தச் செண்பகம்?'

எனக்கு அது எங்க தெரிய வந்துச்சு தெரியுமா? பதினாறாம் நாள் காரியத்துல. பந்தி நடந்துக்கிட்டு இருக்கு. சின்னதுக நாலஞ்சு மூலையில போன வச்சுக்கிட்டு சிரிக்குதுக. அருணகிரி அதட்டப் போனவன் போனப் புடுங்கிப் பாத்தான். முழுசாப் பாத்தான். அப்புறம் அந்தப் போன என் எலைக்குப் பக்கத்துல வச்சுட்டு, 'அம்மா செத்தது உனக்கு நல்ல வசதியாப் போச்சுல்ல சித்தி'ன்னான். அத்தன சனத்துக்கு முன்னாடி. மெதுவாத்தான் சொன்னான். ஆனா எல்லாருக்கும் கேட்டுச்சு.

எனக்கு எதுவும் தெரியாதுய்யான்னு சொன்னேன். அவன் கேக்கல. என் பைய எடுத்து வாசல்ல வச்சுட்டான். எங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு புள்ளன்னு சொன்னேன்ல, அந்தப் புள்ள.

மதுரைக்கு வந்து எறங்கி நேரா சுதன் ரூமுக்குப் போனேன். அறைஞ்சேன். வாங்கிக்கிட்டான். 'அந்த நாலு நிமிசத்த அழிக்க எனக்கு மனசு வரலம்மா. நான் எடுத்ததுலயே நெசமானது அது ஒண்ணுதான்'னு சொன்னான். அப்ப எதுக்குடா டொய்ங் போட்டன்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுக்கிட்டான். எடுத்துருடான்னு சொன்னேன். அன்னைக்கே எடுத்துட்டான். எடுத்து என்ன பிரயோசனம்? அதுக்குள்ள ஊரு ஒலகம் பூராம் வெட்டி ஒட்டி வச்சுக்கிட்டாய்ங்க. எல்லா இடத்துக்கும் போயிருச்சும்மா, நான் என்ன பண்ணட்டும்னான்.

அப்புறம் ஒரு மூணு தடவ கடைக்கு வந்தான். வாசல்ல நின்னு, அம்மா மன்னிச்சுருங்கம்மான்னான். நான் மிசின்லருந்து தலையத் தூக்கல. வாசல்ல நின்னு சொன்னா அது மன்னிப்பா?

நாலாவது தடவ வந்தப்ப சிரிச்சேன். சரி விடு, அடுத்த எபிசோடு எப்பன்னு கேட்டேன். அவன் மூஞ்சியப் பாக்கணுமே. கால்ல விழுந்துட்டான். கூட வந்த ரீகன் என்னையப் பாத்தான். ரீகன் கொஞ்சம் வெவரமான பய. அவன் நம்பல.

நான் ஏன் சிரிச்சேன்னா, அதுக்குள்ள எனக்கு ஒரு யோசனை வந்திருந்துச்சு.

சுதனோட அப்பாவப் பத்தி உனக்குச் சொல்லணும். அய்யாச்சாமின்னு பேரு. அருப்புக்கோட்டையில மில்லுல மேஸ்திரியா இருந்து ரிட்டயர் ஆனவரு. மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்குறான்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு. ஆனா அந்த வேலைய சுதன் விட்டு ரெண்டு வருசம் ஆச்சு. படம் எடுக்கணும்னு விட்டுட்டான். கழுத்து டேக்க மட்டும் கழட்டல. அப்பா திடுதிப்புனு மதுரைக்கு வந்து நின்னா வேணும்னு மாட்டிக்கிட்டே திரிவான். இத அவனா என்கிட்ட சொன்னதுதான். ஒரு தடவ அப்பாவுக்கு சந்தேகம் வந்து, ஆபீஸ்ல ஒரு பெரிய ஆளப் பேசச் சொல்லுன்னு கேட்டிருக்காரு. இவன் என்கிட்ட வந்து நின்னான். நான்தான் மேடமாப் பேசுனேன். 'உங்க பையன் தங்கம் சார், எங்க டீமுக்கே அவருதான் தூணு'ன்னு. அந்த மனுசன் போன்லயே கண்ணு கலங்கிட்டாரு. ரொம்ப நன்றி மேடம், ரொம்ப நன்றி மேடம்னு எத்தன தடவ. அந்த நம்பரு என் போன்ல இருந்துச்சு.

மூணு மாசம் காத்திருந்தேன்மா. மூணு மாசத்துல ரெண்டு எபிசோடு நடிச்சுக் குடுத்தேன். நல்லாவே நடிச்சேன். நடுவுல ரீகன்கிட்ட போன்லயே வெட்டுறது, ஒட்டுறது, சத்தம் சேக்குறது எல்லாம் கத்துக்கிட்டேன். எதுக்கும்மான்னு கேட்டான். பொழுது போகலடான்னேன்.

ஒன்பதாவது எபிசோடுல மகன் பிச்சை எடுக்குற மாதிரி சீனு. ரயில்வே ஸ்டேசனுக்கு எதுத்த பிளாட்பாரம். காலைல பத்து மணி. சுதன் கிழிஞ்ச சட்டை, மூஞ்சியெல்லாம் கரி, முன்னாடி ஒரு ஈயத்தட்டு. எனக்கு அன்னைக்கு சீன் இல்ல. ரெண்டாவது போன நான் புடிக்கிறேண்டான்னு சொன்னேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ரீகன்.

முந்தின நாளே மேடம் குரல்ல பேசிட்டேன். சார், நாளைக்கு ஆபீஸ்ல உங்க பையனுக்கு அவார்டு குடுக்குறோம், அப்பாவும் மேடையில நிக்கணும், பையன்கிட்ட சொல்லாதீங்க, ஸ்டேசனுக்கு எதுத்தாப்புல நில்லுங்க, வண்டி வந்து கூட்டிக்கிரும்னு.

நான் என்ன நெனச்சேன்னா, வருவாரு, மகனப் பாப்பாரு, நடு ரோட்டுல வச்சு நாலு அறை விடுவாரு. அவன் அப்பா, அப்பா, இது நடிப்புன்னு கதறுவான். அந்த அறை ஒவ்வொண்ணுக்கும் ஒரு டொய்ங். அம்புட்டுதான் என் ஆசை. தப்பா சொல்லு? அவன் எனக்குச் செஞ்சதவிட ஒரு மாத்து கூட அதிகமில்ல.

வந்தாரு. வெள்ளை வேட்டி, தேச்ச வெள்ளைச் சட்டை. ஒரு கையில மிட்டாய்ப் பெட்டி. இன்னொரு கையில துணிக்கடைப் பை. அங்கிட்டும் இங்கிட்டும் வண்டியப் பாத்துக்கிட்டே நடந்து வந்தவரு, தட்டத் தாண்டிப் போயிட்டாரு. நாலு எட்டு போயிட்டு நின்னாரு. திரும்பி வந்தாரு.

அறையல.

குனிஞ்சு பாத்தாரு. அந்தப் பய அவர நிமிந்து பாத்தவன் அப்படியே சிலையாயிட்டான். அவரு மிட்டாய்ப் பெட்டியத் தரையில வச்சாரு. துணிப் பைய வச்சாரு. அந்தப் பிளாட்பாரத்துலயே அவன் பக்கத்துல உக்காந்தாரு, அந்த வெள்ளை வேட்டியோட. தோள்ல கெடந்த துண்ட எடுத்து அவன் மூஞ்சியில இருந்த கரியத் துடைச்சாரு. சத்தமே இல்லாமத்தான் கேட்டாரு. ஆனா சுதன் சட்டையில மைக்கு இருந்துச்சே, எல்லாம் பதிஞ்சிருக்கு.

'எத்தனை நாளாப்பா இப்படி? ஊருக்கு வந்திருக்கலாம்லப்பா.'

நெசமாவே மகன் பிச்சை எடுக்குறான்னு நெனச்சுட்டாரும்மா. சுதனுக்கு நடிப்புன்னு சொல்ல வாய் வரல. ரோட்டுக்கு இந்தப் பக்கம் பாத்தான். நான் போனோட நிக்கிறேன். என் கண்ணப் பாத்தான். பாத்ததும் அவனுக்கு எல்லாம் விளங்கிருச்சு. அவன் மெதுவாக் கையத் தூக்கி மூஞ்சியத் துடைச்சான். ஒரு தடவ. ரெண்டு தடவ. நிறுத்துன்னு கேக்குறான்.

அந்தப் பக்கம் ரீகன் கூடையக் கீழ வச்சுட்டான். நான் வைக்கல. அந்த மனுசன் தன்னோட தேச்ச சட்டையக் கழட்டி மகனுக்குப் போட்டுவிட்டு, பனியனோட கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போற வரைக்கும் எடுத்தேன். ஆறு நிமிசம். எனக்கு நாலு, அவனுக்கு ஆறு.

கை நடுங்குச்சான்னு கேக்குறியா? நடுங்கல. வீடியோவப் பாரு, ஆடாம இருக்கும். ரீகன் எடுத்தாக்கூட அப்படி வராது.

அன்னைக்கு மத்தியானமே கடையில உக்காந்து டொய்ங் சேத்தேன். அறை இல்லயே, எங்க சேக்குறதுன்னு கொஞ்ச நேரம் முழிச்சேன். கரியத் துடைக்கிறாரு பாரு, அதுக்கு ஒவ்வொண்ணுக்கும் போட்டேன். என் பேருல ஒரு சேனல் ஆரம்பிச்சுப் போட்டுட்டேன்.

மொத நாள் சிரிச்சாங்க. ரெண்டாவது நாள்லருந்து ஒருத்தனும் சிரிக்கல. கீழ எழுதுறாய்ங்க, எங்க அப்பா ஞாபகம் வந்துருச்சுன்னு. எவனோ ஒருத்தன் டொய்ங்க எல்லாம் எடுத்துட்டு வெறும் வீடியோவா மறுபடி போட்டான், அதுதான் ஓடுச்சு. இத எடுத்த பொம்பளைக்கு நெஞ்சுல ஈரமே இல்லையான்னு என்னைய ஏசுறாய்ங்க. நான் எங்க அக்காவுக்கு அழுதப்ப சிரிச்ச அதே சனம். இவன் அப்பனுக்கு மட்டும் அழுவுது. இது என்ன நியாயம், நீ சொல்லு.

ஒரு வாரம் கழிச்சு அய்யாச்சாமி கடைக்கு வந்தாரு. நீங்கதானா அந்த மேடம்னு கேட்டாரு. ஆமான்னேன். சத்தம் போடுவாருன்னு எந்திரிச்சு நின்னேன். போடல. எம்மவன் உங்களுக்கு என்னம்மா செஞ்சான்னு கேட்டாரு. சொன்னேன், பஸ் ஸ்டாண்டு, பதினாறாம் நாளு, எல்லாம் சொன்னேன். முழுசாக் கேட்டாரு. கேட்டுட்டு ரெண்டு கையையும் கூப்பி, அவன் செஞ்சது பெரிய பாவம், எங்க குடும்பத்து சார்பா மன்னிச்சுருங்கன்னாரு. அவனுக்குப் பேசி வச்சிருந்த பொண்ணு எடம் அந்த வீடியோவால விட்டுப் போச்சுங்கிறதையும் சொன்னாரு. குத்தமாச் சொல்லல, தகவலாத்தான் சொன்னாரு. அத எடுத்துர முடியுமான்னு கேட்டாரு.

எல்லா இடத்துக்கும் போயிருச்சு சார், நான் என்ன பண்ணட்டும்னேன்.

அவரு தலைய ஆட்டிட்டு அந்தத் துணிக்கடைப் பைய மேசையில வச்சாரு. அன்னைக்கு மேடத்துக்குன்னு எடுத்தது, எங்க ஊரு தறிச் சேலை, உங்களுக்குன்னு எடுத்தத வேற யாருக்கும் குடுக்க மனசு வரலன்னுட்டுப் போயிட்டாரு. அது பீரோவுல கெடக்கு. நான் கட்டல. எதுக்குக் கட்டணும்?

சுதன் சேனலையே மூடிட்டான். ஒரு எபிசோடு கூட இப்ப கெடையாது. போலீஸ்காரர்கிட்ட நான் பேசுனது, ஓனரம்மா கூடப் போட்ட சண்டை, எதுவும் கெடையாது. நான் சிரிக்க வச்சது பூராம் போச்சு. அழுதது மட்டும் இருக்கு. அதுக்கும் அவன்தான காரணம்?

நான் அந்த அப்பா வீடியோவ அருணகிரிக்கு அனுப்புனேன். பாருய்யா, உங்க அம்மா பேர வச்சு சிரிச்சவன நான் என்ன பண்ணியிருக்கேன்னு எழுதி அனுப்புனேன். பாத்துட்டான்னு காமிச்சுச்சு. ரெண்டு நாள் பதில் இல்ல. மூணாவது நாள் அவனே போன் போட்டான். நாலு மாசத்துக்குப் பெறகு அவன் குரல். சொல்லுய்யா, சொல்லுய்யான்னேன்.

'சித்தி, அன்னைக்குக் காலைல அம்மா உன்கிட்டப் பேசுனப்ப, நான்தான் நம்பரப் போட்டு அவங்க காதுல புடிச்சிருந்தேன்.'

அம்புட்டுதான். வச்சுட்டான்.

அது ஒண்ணுமில்லம்மா. அக்கா போன அன்னைக்குக் காலைல ஏழு மணிக்கு அவ பேசுனா. இன்னைக்கு வந்துட்டுப் போறியாடின்னா. நான் நாளைக்கு வர்றேன்க்கா, இன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல சீனு இருக்குன்னேன். சரி, நல்லாப் பண்ணுன்னா. அவ ஒரு வருசமா வா வான்னுதான் கூப்பிடுவா. நான் என்ன ஜோசியமா பாத்தேன்? சுதன் ஒரு வார்த்த, அம்மா நீங்க போயிட்டு வாங்க, இன்னொரு நாள் எடுத்துக்குவோம்னு சொல்லியிருக்கலாம்ல?

அவன்கிட்ட லீவு கேட்டீங்களாங்குறியா? கேக்கல. அக்கா கூப்பிட்டத நான் அவன்கிட்ட சொல்லவே இல்ல. சொன்னாத்தான் தெரியணுமா? அம்மா அம்மான்னு வாய் ஓயாமக் கூப்பிட்டவன், மூஞ்சியப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டு இருக்கணும்.

அருப்புக்கோட்டை இன்னும் எவ்வளவு தூரம்? பந்தல்குடி ரோட்டுல ஒரு நர்ஸு பொண்ணு வீடு, உனக்கு வழி தெரியுமா? சுதன் இப்ப ஊருலதான் இருக்கான், செல்போன் ரிப்பேர் கடையில. அவனுக்கு மறுபடி பொண்ணு பாத்திருக்காங்களாம், அந்த நர்ஸத்தான், ரீகன் வாய் தவறி உளறிட்டான். அய்யாச்சாமி வீடியோவப் பாத்துட்டுத்தான் அந்தப் பொண்ணு சரின்னுச்சாம். இப்படி ஒரு அப்பா இருக்குற வீட்டுக்குத்தான் போவேன்னுச்சாம். நான் எடுத்த வீடியோம்மா அது. நான் ஆடாமப் புடிச்சு எடுத்தது. அத வச்சு அவனுக்குக் கல்யாணம்.

நாளைக்குத் தட்டு மாத்துறாங்க. அதுக்குள்ள அந்தப் பொண்ணு என் பக்கத்தையும் கேக்கணும்ல? சண்டைக்கெல்லாம் போகல. உள்ள போயி, ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, அமைதியா உக்காந்து சொல்லப் போறேன். ராத்திரி பூராம் சொல்லிப் பாத்தேன். நீயும் கேளேன், சரியா வருதான்னு சொல்லு.

'அம்மாடி, என் பேரு இந்திராணி. நீ கட்டிக்கப் போறவன் எனக்குப் புள்ள மாதிரி இருந்தவன். எனக்கு செண்பகம்னு ஒரு அக்கா இருந்தா. படுத்த படுக்கையா இருந்தா. அவ சாகுற அன்னைக்கு நான் இவனோட பஸ் ஸ்டாண்டுல இருந்தேன். அன்னைக்குக் காலைல எங்க அக்கா எனக்குப் போன் பண்ணி...'

நேத்துலருந்து எத்தன தடவ சொல்லிப் பாத்தாலும் இந்த எடம் வந்தா நிக்குது.

காலைல போன் பண்ணுனது வேண்டாம். அது அந்தப் பொண்ணுக்கு எதுக்கு? பஸ் ஸ்டாண்டுலருந்தே ஆரம்பிச்சுக்கிறேன். காலைல நடந்தத மட்டும் வெட்டிட்டா மிச்சம் சரியா வரும்ல? சொல்லும்மா, சரியா வரும்ல?